புறவாசல்

ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனாரின் வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் அங்கே போய், வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டி அவர் கதையைச் சொல்கிறேன். சம்பளம் கிடையாது. பஸ் காசும் என்னுடையதுதான். "வீடு காட்டப் போறேன்" என்றுதான் எங்கள் தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது பக்கத்து வீட்டு அத்தை, "யாருக்குட்டி, வாடகைக்கா?" என்று கேட்டாள்.

நான் தாமிரபரணிக் கரைக்காரி. சேரன்மாதேவிக்கு மேற்கே எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் வேறு, நாங்கள் இருக்கிற தெரு வேறு. கால்வாய்த் தண்ணீர் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டுக் கடைசியில்தான் எங்கள் பக்கம் வரும். அம்மா அந்தக் கால்வாய்ப் பாசன வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போனவள். முட்டி வலிக்காத நாளில் இப்போதும் போகிறாள். நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, விவசாயக் கூலிப் பெண்கள் சங்கத்தில் வேலை செய்கிறேன்.

வ.உ.சி.யை நான் முதலில் அறிந்தது எம்.ஏ. வகுப்பில். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர், திருக்குறளுக்கு உரை எழுதியவர் என்றுதான் எனக்கு அவர் அறிமுகம். கப்பலும் செக்கும் சினிமாவில் பார்த்தது. அவருடைய 150ஆவது பிறந்த ஆண்டை 2021, 2022இல் ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். அப்போது எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்து ஒட்டப்பிடாரம் போனோம். அதே நேரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வரிசையாக உள்ளே போய், போட்டோக்களைப் பார்த்துவிட்டு, இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்து ஐஸ்காரரிடம் நின்றார்கள். ஒரு பொடியன் மட்டும் என்னைப் பார்த்து, "அக்கா, கப்பல் எங்க வச்சிருக்காவ?" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது முப்பது பேர் சுற்றி நின்றார்கள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "நல்லாச் சொல்லுதிய. தோதுப்பட்டா வந்து சொல்லிட்டுப் போங்களேன் தாயி" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் ஊரிலிருந்து ஒட்டப்பிடாரம் போக மூன்று பஸ் மாற வேண்டும். பேட்டை, டவுன், ஜங்ஷன் தாண்டி சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஏறும்போது கொக்கிரகுளம் தெரியும். கலெக்டர் ஆபீசும் கீழே ஆறும் தெரியும். 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனவர்கள் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தது அங்கேதான். அப்போது எனக்குப் பத்து வயசு. எங்கள் தெருவில் அன்று ராத்திரி ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அந்தத் தேயிலைக் காட்டை, 8,373 ஏக்கரை, 1929இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது சிங்கம்பட்டி ஜமீன். ஜமீனுக்கு அரண்மனை இருக்கிறது. தேயிலை பறித்தவர்களுக்கு இருந்தது லயன் வீடு. 2024இல் வேலையும் போய், அந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ஆற்றில் செத்தவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் தண்ணீரில் தூவுகிற பூ இருக்கிறது. யாருடைய வீட்டை நாடு பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்ற யோசனை எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலத்தில்தான் வரும். அந்த யோசனையோடுதான் அடுத்த பஸ்ஸில் ஏறுவேன்.

வீட்டில் நான் சொல்வது பெரும்பாலும் எல்லாரும் சொல்வதுதான். 1872 செப்டம்பர் 5இல் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், இவரும் வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி. மூலதனம் பத்து லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய். அடுத்த வருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பிற்பாடு சன்னது திரும்பக் கிடைக்க உதவிய வெள்ளைக்கார நீதிபதி வாலஸின் பெயரை மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். 1936இல் தூத்துக்குடியில் இறந்தார். செக்கிழுத்ததைச் சொல்லும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். வாலேஸ்வரனைச் சொல்லும்போது சிரிப்பார்கள்.

சொல்லி முடித்ததும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி வ.உ.சி.யைப் பற்றியதாக இருக்காது. "தாயிக்கு எந்த ஊரு?" சொல்வேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" நம் மாவட்டத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். நான் தெருவையும் சொல்லிவிடுவேன். ஒளித்து என்ன ஆகப் போகிறது. ஒரு தடவை, வேட்டி கசங்காத ஒரு பெரியவர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர், தெருவைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கூட வந்த மருமகளிடம், "காலம் எப்படி மாறிட்டு பாத்தியா? பிள்ளைவாள் வீட்டுல இன்னைக்கு இவுக நின்னு நமக்குப் பாடம் சொல்லுதாவ" என்றார். திட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு வாரம் அந்தப் பாராட்டு தொண்டையில் மாட்டிய முள் மாதிரி இருந்தது. காலம் தானாக மாறியதாம். மழை பெய்கிற மாதிரி.

இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேள்வி வருவதில்லை. நம் பக்கத்திலிருந்தும் வரும். சங்கத்தில் கூட வேலை செய்கிற தோழர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "பிள்ளைமார் வீட்டைப் பெருக்கி வைக்கத்தான் எம்.ஏ. படிச்சியா? பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்துலதான் கவர்னகிரி இருக்கு. சுந்தரலிங்கனார் ஊரு. அங்க போய் நின்னு சொல்லேன்." சுருக்கென்றது. நம் வீட்டுப் பெண்கள் மூன்று தலைமுறையாகச் செய்த வேலை அதுதானே. கவர்னகிரிக்கும் போனேன், போகிறேன். ஆனால் என்னிடம் வருகிற வேன்களில் பத்தில் ஒன்றுகூட கவர்னகிரி போய்விட்டு வந்ததில்லை. கட்டபொம்மன் கோட்டையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருகிறார்கள். அங்கே போகாதவர்களிடம் பேச எனக்குக் கிடைத்த இடம் இந்த வீடு. சுந்தரலிங்கனாரைக்கூட இங்கே வைத்துத்தான் அவர்களுக்குச் சொல்ல முடிகிறது. "போற வழியில திரும்புங்க, பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் திரும்புகிறார்கள்.

இங்கே நின்று அயோத்திதாசரையும் சொல்கிறேன். வ.உ.சி. கப்பல் விட்ட அதே 1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை ஆரம்பித்தார். சுதேசியம் பேசுகிறவர்கள் முதலில் சாதியை விட்டார்களா என்று அவர் அதில் கேட்டார். அந்த எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, எங்கள் பாளையங்கோட்டையிலிருந்து நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்தான் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. தாமிரபரணியில் 17 பேர் செத்த அதே வருஷம். நான் அதைப் படித்தது பின்னால், எம்.ஏ. முதல் வருஷத்தில். 25 ரூபாய்ப் பங்கை யார் வாங்கியிருக்க முடியும், நடவு நடுகிற கை அன்றைக்கு 25 ரூபாயைச் சேர்த்துப் பார்த்திருக்குமா என்று அதன் பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கப்பலையும் சொல்ல வேண்டும், கப்பலில் ஏற வழியில்லாதவர்களையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை விடுவதற்கு நான் எதற்கு, சுவரில் தொங்கும் போட்டோவே போதும்.

கடைசியாகத்தான் இராமையா தேசிகர் கதையைச் சொல்வேன்.

தேசிகர் ஒரு துறவி. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். கண் தெரியாது. வ.உ.சி. அவரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். முதல் மனைவி வள்ளியம்மை அவருக்குச் சோறு பரிமாறினாள். உறவுக்காரர்கள் கொதித்தார்கள். புருஷனும் பெண்சாதியும் தேசிகரை வெளியே அனுப்பவில்லை. வள்ளியம்மை 1901இல் இறந்துபோனாள். கப்பலை அவள் பார்க்கவில்லை. வ.உ.சி. செய்யுளில் எழுதிய தன் சுயசரிதையில் அவளுடைய இந்தக் குணத்தை மறக்காமல் எழுதி வைத்தார். கப்பலுக்குப் பல வருஷம் முன்னால் நடந்தது இது.

இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் பிரச்சனையும் ஆரம்பித்தது. ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மேடம், நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க முன்னால சாதியப் பேசாதிய. அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நாமதான் கெடுத்துருவோம்." அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு மிட்டாயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். நான் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன். கூட்டமாக நின்ற பையன்களில் பாதிப் பேர் மணிக்கட்டில் கயிறு. சிவப்பும் மஞ்சளும், பச்சையும் சிவப்பும், வேறு வேறு சேர்மானம். எந்தச் சேர்மானம் எந்தச் சாதி என்று நம் மாவட்டத்து ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடத்தில் இந்தக் கயிறு கூடாது என்று சொன்னது. அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது என்கிறார் ஆசிரியர்.

நான் அன்று அவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை. "சரி சார்" என்றுதான் சொன்னேன். வழியெல்லாம் அந்தச் 'சரி சார்' என்னைக் குத்தியது. அடுத்த தடவை போகவே மனசில்லை. சும்மா கிடந்தேன். அப்போதுதான் அம்மா, "நீ எங்கயோ போய் வீடு காட்டுதேங்கியே, என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்" என்றாள்.

போன வைகாசியில் கூட்டிப் போனேன். கொக்கிரகுளம் பாலத்தில் அம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டாள். முன் சீட்டு அம்மாள் ஆற்றில் காசு போட்டாள். அம்மா காசு போடவில்லை. வல்லநாடு தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

ஒட்டப்பிடாரத்தில் வீட்டு முன்னால் வந்து நின்றதும் அம்மா செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"ஏட்டி, பொறவாசல் எந்தப் பக்கம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. கக்கூஸ் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அறுபது வருஷத்தில் அம்மா இப்படிப்பட்ட வீடு எதிலும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. கூலி வாங்க, நெல் குத்த, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, அறுப்புக் கழிந்த அன்றைக்குச் சோறு வாங்கித் தின்ன, எல்லாம் புறவாசல்தான். வீடு என்றால் அவளுக்குத் தெரிந்த பக்கம் அது ஒன்றுதான். நான் நூற்றுக்கணக்கான பேரை முன்வாசல் வழியாகக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

"முன்னாடியே வாம்மா. இது கவருமெண்டு வீடு."

"கவருமெண்டுன்னா சரி" என்று உள்ளே வந்தாள்.

அன்றைக்கு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமும், காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேரும் இருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். அம்மா தூணோரம் நிற்கிற மாதிரி ஒதுங்கி நின்று கேட்டாள். செக்குக்கு "அய்யோ" என்றாள். கப்பலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தேசிகர் கதையைச் சொல்லும்போது பக்கத்தில் வந்துவிட்டாள். முடித்ததும் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"சோறு போட்டது அந்தப் பிள்ளை. சரி. எலைய எடுத்தது யாரு?"

நான் எம்.ஏ. படித்தவள். சுயசரிதை படித்தவள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. மதுரைக்கார அம்மாள் முந்திக்கொண்டு, "அவங்களேதான் எடுத்திருப்பாங்க. அவ்வளவு நல்லவங்க" என்றாள். அம்மா அவளிடம் பொறுமையாகச் சொன்னாள்:

"சோறு போடுதது புண்ணியம்னு எல்லாரும் போடுவாவம்மா. எங்களுக்கும்தான் போட்டாவ, பொறவாசல்ல. தின்னுட்டு எலைய நாங்கதான் எடுக்கணும். எடுத்த எடத்துல சாணி போட்டு மெழுகிட்டுப் போவணும். கண்ணு தெரியாத மனுசன் எலைய எடுத்து, எடத்த மெழுகியிருக்க முடியாதுல்லா? வேற யாரோதான் எடுத்துருக்கணும். அந்தப் பிள்ளை எடுத்திருந்தா, அவ பெரிய மனுசி."

மதுரைக்கார அம்மாள் பதில் சொல்லவில்லை. காலேஜ் பிள்ளைகளில் ஒருத்தி அம்மாவிடம், "எந்த ஊர்ல பாட்டி அப்படி?" என்று கேட்டாள். அம்மா ஊரைச் சொன்னாள். தெருவையும் சொன்னாள், கேட்காமலே.

திரும்பி வரும்போது அம்மாவிடம் அந்தப் பழைய கதைகளைக் கேட்டேன். எனக்குத் தெரியாததா. ஆனால் சாணி மெழுகியதை என்னிடம் அதுவரை அவள் சொன்னதில்லை. "ஏம்மா சொல்லல?" என்றால், "என்னத்தச் சொல்ல. படிக்கிற பிள்ளைட்ட" என்றாள். அந்த ஆசிரியர் சொன்னதும் இதுவும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஒன்றில்லை. அவர் மூடுவது அவர்கள் பக்கத்துக் கூச்சத்தை. அம்மா மூடி வைத்தது, நான் தலை நிமிர்ந்து படிக்க வேண்டுமே என்று.

அதற்குப் பிறகு நான் மறுபடியும் போகிறேன். இப்போது 'சரி சார்' சொல்வதில்லை. தேசிகர் கதையைச் சொல்லிவிட்டு அம்மாவின் கேள்வியைக் கேட்கிறேன். இலையை யார் எடுத்திருப்பார்கள்? பதிலை நான் சொல்வதில்லை. வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். 'வேலைக்காரி' என்பார்கள். அந்த வேலைக்காரி எந்தத் தெரு என்று நான் கேட்பேன். 'வ.உ.சி.யே எடுத்திருப்பார்' என்பார்கள். உங்கள் அப்பா எடுப்பாரா என்று கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். ஒருவர் பாதியிலேயே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

போன மாதம் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் கேட்டேன். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு இருக்கும், கையை உயர்த்தினான். உயர்த்திய கையில் கயிறு. தெருவைக் கேட்க வேண்டிய அவசியமில்லை, கயிறு சொன்னது.

"எங்கூடப் படிக்கவன் ஒருத்தன் எங்க வீட்டுக்கு வருவான்க்கா. எங்கம்மா சோறு போடும். அவன் தின்ன தட்ட அவனே கழுவி வெளிய கவுத்தி வச்சிட்டுப் போவான். நான் தின்ன தட்ட எங்கம்மா கழுவும்."

யாரும் சிரிக்கவில்லை. கூட வந்த டீச்சர் கீழே பார்த்தாள். அந்தப் பையன் கையை இறக்கவே இல்லை, இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருக்கிற மாதிரி.

"அது வரைக்கும் நான் அத நெனைக்கவே இல்லக்கா" என்றான்.

"இனி என்ன செய்வே?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "எங்கம்மா வையும்" என்றான். பிறகு, "ஒரு நாள் நான் கழுவிப் பாக்கேன்" என்றான்.

கழுவினானா, வசவு வாங்கினானா தெரியாது. அடுத்த வேன் வந்து நின்றது. நான் வாசலுக்குப் போனேன்.